ஒரே வீடு, ஆளுக்கொரு முகவரி

மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. நகராட்சி மாநகராட்சிக்குள் போனது. கதவு எண் மாறியது. ஒரு பதிவேட்டில் நடந்த திருத்தம் மட்டும் அடுத்த பதிவேட்டுக்குப் போய்ச் சேரவில்லை. காட்பாடியிலிருந்து ஆம்பூர்வரை முகவரிகள் படும் பாடும், அதற்கான தீர்வும்.

ஆம்பூர்க்காரர்கள் வீடு மாறாமலேயே, 2019 நவம்பர் 28 அன்று அவர்கள் அத்தனை பேரின் முகவரியும் மாறியது.

வேலூர் மாவட்டம் மூன்றான நாள் அது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. வாலாஜா, ஆற்காடு, அரக்கோணம் ஆகியவை ராணிப்பேட்டை மாவட்டமாயின. காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு ஆகியவை வேலூரிலேயே தங்கின. அரசாணை ஒரே நாளில் நடைமுறைக்கு வந்தது. வங்கி, கேஸ் ஏஜென்சி, காப்பீட்டு நிறுவனம், பி.எஃப். அலுவலகம், சுங்கத் துறை என ஒவ்வொரு இடத்திலும் அந்த மாற்றம் தனித்தனியாக, வெவ்வேறு காலத்தில் ஏற வேண்டியிருந்தது.

ஆம்பூரில் ஒரே வீட்டில் பிறந்து வளர்ந்த 60 வயதுக்காரர் ஒருவரின் காகிதங்களை வரிசையாக எடுத்து வைத்தால் இந்தக் கதை முழுவதும் தெரியும். பள்ளிச் சான்றிதழில் வட ஆற்காடு மாவட்டம் என்றிருக்கும். 1989 செப்டம்பரில் திருவண்ணாமலைப் பகுதி தனியாகப் பிரிந்த பிறகு வாங்கிய சான்றில் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். 1990-களின் பின்பாதியில் மாவட்டங்களுக்கு வைத்திருந்த தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்ட பிறகு வேலூர். 2019-க்குப் பிறகு திருப்பத்தூர். வீடு ஒன்று, மாவட்டம் நான்கு. எழுதப்பட்ட காலத்தில் நான்குமே சரியான முகவரிகள்தான்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சிவகங்கை மாவட்டத்திலும் ஒரு திருப்பத்தூர் இருக்கிறது. அதுவும் வட்டத் தலைநகரம். மாவட்டப் பட்டியலைப் புதுப்பிக்காத மென்பொருளில் ஆம்பூர்க்காரர் தன் மாவட்டத்தைத் தேர்ந்தெடுக்கவே முடியாது. புதுப்பித்த மென்பொருளிலோ, ஊர்ப் பெயரை மட்டும் வைத்துத் தேடும் குமாஸ்தாவுக்கு இரண்டு திருப்பத்தூர்கள் வந்து நிற்கும்.

இத்தனை மாற்றத்திலும் மாறாமல் நின்றது பின்கோடு. 1972 ஆகஸ்ட் 15 அன்று, மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சகத்தில் கூடுதல் செயலாளராக இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கரின் முயற்சியால் நடைமுறைக்கு வந்த ஆறு இலக்க எண் அது. முதல் இலக்கம் மண்டலம். மூன்றாவது இலக்கம் தபால் பிரிக்கும் மாவட்டம். கடைசி மூன்றும் பட்டுவாடா செய்யும் அஞ்சலகம். ஆம்பூர் 635802. இந்த 635 என்ற தொடக்கம் கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் உரியது. வேலூரும் காட்பாடியும் குடியாத்தமும் 632. இன்றும் வேலூர் மாவட்டத்தில் இருக்கும் பேரணாம்பட்டின் பின்கோடு 635810. வருவாய்த் துறையின் எல்லைக்கும் தபால் துறையின் எல்லைக்கும் தொடர்பில்லை. பின்கோட்டை வைத்து மாவட்டத்தை ஊகிக்கும் எந்தப் படிவமும் பேரணாம்பட்டில் தவறிவிடும்.

ஐந்து எண்கள், ஐந்து பொருள்கள்

காட்பாடி பாலாற்றின் வடகரையில் இருக்கிறது. சென்னை – பெங்களூரு ரயில் பாதையும் விழுப்புரம் – திருப்பதி பாதையும் இங்கே சந்திக்கின்றன. சித்தூர் சாலையில் கிறிஸ்டியான்பேட்டையைத் தாண்டினால் ஆந்திரம். வி.ஐ.டி. மாணவர்கள், ஆசிரியர்கள், ரயில்வே ஊழியர்கள், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நம்பி வரும் வெளிமாநிலக் குடும்பங்கள் என வாடகைக்கு வருவோரும் போவோரும் அதிகம். ஆகவே முகவரி மாற்றம் இங்கே அன்றாட நிகழ்வு.

ஊரின் நிர்வாகமும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 2008 ஆகஸ்ட் 1 அன்று வேலூர் மாநகராட்சியானது. 2011-ல் தாராபடவேடு, சத்துவாச்சாரி நகராட்சிகளும் சுற்றியிருந்த பேரூராட்சிகளும் ஊராட்சிகளும் அதனுடன் இணைந்தன. இன்று மாநகராட்சியில் 60 வார்டுகள், நான்கு மண்டலங்கள். காட்பாடிப் பகுதி முதல் மண்டலம். இப்படி ஒவ்வொரு முறை எல்லை விரியும்போதும் வார்டு எண் மாறுகிறது; கதவு எண்ணும் மாறுகிறது. தமிழ்நாட்டு நகரங்களில் கேட்டுக்குப் பக்கத்தில் பழைய எண், புதிய எண் என்று இரண்டையும் எழுதி வைத்திருக்கும் வீடுகள் இதன் சாட்சி. எந்த அலுவலகம் எந்த எண்ணை வைத்திருக்கிறது என்று வீட்டுக்காரருக்கே உறுதியாகத் தெரியாததால்தான் இரண்டும் அங்கே நிற்கின்றன.

சிக்கலின் வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. மின் இணைப்பு எண் அந்த இணைப்புக்கு உரியது. குடியிருப்பவர் மாறினாலும் அது மாறாது. சொத்து வரி எண் கட்டடத்துக்கு உரியது. பட்டாவில் உள்ள சர்வே எண் நிலத்துக்கு. ரேஷன் கார்டு குடும்பத்துக்கு. ஆதார் தனி மனிதருக்கு. ஐந்து துறைகள் ஐந்து வெவ்வேறு பொருள்களுக்கு எண் கொடுத்திருக்கின்றன. ஐந்துக்கும் பொதுவாக நடுவில் இருப்பது முகவரி ஒன்றுதான். அதற்கு மட்டும் எண் கிடையாது. அது அவரவர் கைக்கு வந்தபடி எழுதிய மூன்று வரி.

அந்த மூன்று வரியில் என்னவெல்லாம் மாறலாம் என்பதற்குக் கணக்கே இல்லை. விருதம்பட்டு என்பதைச் சிலர் விருதம்பேட் என்று எழுதுகிறார்கள். தாராபடவேட்டை ஆங்கிலத்தில் ‘டி’யில் தொடங்குவதா, ‘டிஹெச்’சிலா என்பதில் ஒற்றுமை இல்லை. ஒருவர் ‘முதல் கிழக்குப் பிரதான சாலை’ என்று முழுமையாக எழுதுவார். இன்னொருவர் ‘ஃபர்ஸ்ட் ஈஸ்ட் மெயின்’ என்று சுருக்குவார். காந்தி நகர் 632006, காட்பாடி 632007, வி.ஐ.டி. 632014 என்று அருகருகே மூன்று பின்கோடுகள் இருப்பதால், எல்லையோரத் தெருக்களில் எது தன்னுடையது என்பதும் குழம்பும். மனிதக் கண்ணுக்கு இவை ஒரே வீடு. கணினிக்கு மூன்று வீடு.

அதனால்தான் கூரியர் கொண்டுவருபவர் அட்டையில் எழுதியிருப்பதை நம்பாமல் போன் செய்கிறார். ‘ஓடைப்பிள்ளையார் கோயில்லேர்ந்து எப்படி வரணும்?’, ‘சில்க் மில் ஸ்டாப்புக்கு முன்னாடியா, பின்னாடியா?’, ‘லொக்கேஷன் அனுப்புங்க.’ பார்சல் என்றால் பத்து நிமிடத் தாமதத்தோடு போகும். 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய 108 ஆம்புலன்ஸை அழைப்பவரும் இதே கோயிலையும் இதே ஸ்டாப்பையும்தான் சொல்லியாக வேண்டியிருக்கிறது. அங்கே பத்து நிமிடம் உயிருக்குச் சமம்.

தபால்காரருக்குத் தெரிந்தது

பட்டுவாடா ஆகாத தபாலின் மேல் தபால்காரர் ஒரு குறிப்பு எழுதித் திருப்பி அனுப்புவார். ‘வீடு மாறிச் சென்றுவிட்டார்’, ‘போதிய முகவரி இல்லை’, ‘கதவு பூட்டியிருக்கிறது’, ‘அப்படி ஒருவர் இல்லை.’ தெருவில் நேரில் நின்று சரிபார்த்து எழுதிய குறிப்பு அது. அதைவிட நம்பகமான முகவரித் தகவல் எந்தக் கணினியிலும் கிடைக்காது. ஆனால் அந்தக் குறிப்பு அனுப்பியவரிடம் மட்டும் போய்ச் சேர்கிறது. அவர் ஒரு வங்கியாக இருந்தால் அந்த வங்கியின் ஒரு கோப்பில் நின்றுவிடும். அடுத்த வாரம் அதே வீட்டுக்குக் காப்பீட்டு நிறுவனத்தின் கடிதம் வரும். தபால்காரர் மறுபடி நடப்பார், மறுபடி அதே குறிப்பை எழுதுவார்.

அமெரிக்கத் தபால் துறை இதை வேறுவிதமாகக் கையாள்கிறது. வீடு மாறுபவர் தபால் துறையிடம் ஒருமுறை தெரிவித்தால், அந்த மாற்றம் தேசிய முகவரி மாற்றக் கோப்பில் ஏறுகிறது. அதில் சுமார் 16 கோடி பதிவுகள் உள்ளன. உரிமம் பெற்ற நிறுவனங்கள் தங்களிடம் ஏற்கெனவே இருக்கும் முகவரியை அதனுடன் ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளலாம். ஒருவர் சொன்னது பலருக்குப் போய்ச் சேர ஒரு பாதை இருக்கிறது.

நம்மிடம் அந்தப் பாதை இல்லாததன் விலை 2025-ல் கண்முன் வந்தது. வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தமிழ்நாட்டில் நவம்பர் 4 அன்று தொடங்கியது. டிசம்பர் 19 அன்று வரைவுப் பட்டியல் வெளியானபோது 97 லட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள் அதில் இல்லை. ஏறத்தாழ 27 லட்சம் பேர் இறந்தவர்கள். 66 லட்சத்துக்கு மேற்பட்டோர் குடிபெயர்ந்தவர்கள் அல்லது பதிவான முகவரியில் காணப்படாதவர்கள். 3 லட்சத்துக்கு மேல் இரட்டைப் பதிவுகள்.

இறப்பு உள்ளாட்சியிலும் சுகாதாரத் துறையிலும் பதிவாகிறது. வீடு மாறியது கேஸ் ஏஜென்சிக்கோ வங்கிக்கோ தெரிந்திருக்கும். வாக்குச்சாவடி நிலை அலுவலர்களாகப் பணியாற்றிய அங்கன்வாடி ஊழியர்களும் ஆசிரியர்களும் வீடு வீடாக ஏறி இறங்கி, ஏதோ ஓர் அலுவலகத்துக்கு ஏற்கெனவே தெரிந்திருந்த செய்திகளைப் புதிதாகச் சேகரித்தார்கள். உண்மையிலேயே அங்கேயே குடியிருந்து, முகவரி வரியின் குழப்பத்தால் விடுபட்டவர் மறுபடி விண்ணப்பம் கொடுக்க வேண்டும். வாக்குரிமையே ஒரு கதவு எண்ணில் தொங்குகிறது.

பணமும் இப்படித்தான் தங்கிவிடுகிறது. பத்து ஆண்டுகள் யாரும் கேட்காத வங்கி வைப்புத்தொகை ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாற்றப்படுகிறது. 2024 மார்ச் இறுதியில் அந்தத் தொகை 78,213 கோடி ரூபாய். வீடு மாறியதை வங்கிக்குச் சொல்லாமல் விட்டதும், வங்கியின் கடிதம் வாரிசுக்குக் கிடைக்காததும் அதற்கான காரணங்களில் அடங்கும். சட்டமும் முகவரியைக் கண்டிப்பாகப் பார்க்கிறது. சரியான முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிய நோட்டீஸ் உரியவருக்குச் சேர்ந்ததாகவே 1897-ம் ஆண்டின் பொது விதிகள் சட்டத்தின் 27-ம் பிரிவு கருதுகிறது. சேரவில்லை என்று நிரூபிக்கும் பாரம் வீடு மாறியவர் தலையில் விழுகிறது.

கண்டெய்னரோடு போகும் முகவரி

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு என்று நீளும் தோல் வட்டாரத்தில் முகவரி வியாபாரத்தின் ஒரு பகுதி. ஒரு காலணித் தொழிற்சாலையின் பெயரும் முகவரியும் ஜி.எஸ்.டி. பதிவில், ஏற்றுமதி இறக்குமதி குறியீட்டு எண்ணில், தொழிற்சாலை உரிமத்தில், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவில், பி.எஃப்., இ.எஸ்.ஐ. பதிவுகளில், தோல் ஏற்றுமதிக் கழக உறுப்பினர் சான்றில், வங்கிக் கோப்பில் இருக்கின்றன. மாவட்டம் பிரிந்தால் இத்தனையையும் திருத்த வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி இணையதளம், தனிக் கடவுச்சொல், தனி ஆதாரம்.

விதிகளும் தனித்தனி. ஜி.எஸ்.டி.யில் பதிவு விவரம் மாறினால் 15 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். ஏற்றுமதி இறக்குமதி குறியீட்டு எண் வைத்திருப்பவர் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலத்தில் தன் விவரங்களை உறுதிசெய்ய வேண்டும் என்று 2021 பிப்ரவரியில் உத்தரவானது. எந்த மாற்றமும் இல்லாவிட்டாலும் ‘மாற்றமில்லை’ என்று சொல்லியாக வேண்டும். தவறினால் எண் முடங்கும். கப்பலேற வேண்டிய சரக்கு நிற்கும்.

உலக வணிகம் இந்தத் தொல்லையை எப்போதோ உணர்ந்துவிட்டது. லெட்டர் ஆஃப் கிரெடிட் எனப்படும் கடன் உறுதிக் கடிதங்களை ஆளும் சர்வதேச விதித் தொகுப்பு யு.சி.பி. 600. இது 2007 ஜூலை முதல் நடப்பில் உள்ளது. விற்பவர், வாங்குபவர் முகவரிகள் ஆவணத்துக்கு ஆவணம் மாறுபட்டாலும், நாடு ஒன்றாக இருந்தால் வங்கி பொதுவாக அதைக் குறையாகக் கொள்ளக் கூடாது என்று அதன் 14-ம் விதி சொல்கிறது. முகவரிகள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது என்பதை ஏற்றுக்கொண்டு எழுதிய விதி.

இப்போது அந்தத் தளர்வுக்கு எதிர்த்திசையில் இன்னொரு மாற்றம் வருகிறது. நாடுகளுக்கிடையே பணம் அனுப்பும் ஸ்விஃப்ட் வலையமைப்பு, ஐ.எஸ்.ஓ. 20022 என்ற புதிய செய்தி வடிவத்துக்கு மாறிவிட்டது. 2026 நவம்பருக்குப் பிறகு, கட்டமில்லாமல் வரிவரியாக எழுதிய முகவரியை அது ஏற்காது. ஊர்ப் பெயரும் நாடும் குறைந்தபட்சம் தனித்தனிக் கட்டத்தில் இருக்க வேண்டும். ஜெர்மனியிலோ இத்தாலியிலோ உள்ள வாங்குபவர் ஆம்பூருக்குப் பணம் அனுப்பும்போது, ‘ஆம்பூர்’ எந்தக் கட்டத்தில், ‘திருப்பத்தூர் மாவட்டம்’ எந்தக் கட்டத்தில் என்பது தெளிவாக இருந்தாக வேண்டும். முகவரியை ஒழுங்குபடுத்துவது இனி இந்த வட்டாரத்தின் வரவு செலவோடு நேரடியாகத் தொடர்புடைய வேலை.

29,193 பேரின் பட்டியல்

தோல் தொழிலால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் முகவரி ஒரு பெரிய விஷயம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டியது. அதன்படி அமைந்த சூழல் இழப்பு ஆணையம் 2001 மார்ச் 7 அன்று 29,193 பேரைப் பாதிக்கப்பட்டவர்களாகக் கண்டறிந்தது. 547 தோல் தொழிற்சாலைகள் 26.82 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்மானித்தது. பாதிக்கப்பட்டவர்கள் பாலாற்றங்கரை ஊர்களின் விவசாயிகள்.

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் இந்த விவகாரத்தில் மீண்டும் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு இன்னும் இழப்பீடு கொடுத்து முடிக்கவில்லை என்றால் ஆறு வாரத்துக்குள் கொடுத்து முடிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. இடையில் 24 ஆண்டுகள் ஓடிவிட்டன. ஒரு மாவட்டத்துக்காகத் தயாரான பட்டியல் இன்று மூன்று மாவட்ட ஆட்சியர்களின் எல்லைக்குள் சிதறிக் கிடக்கிறது. 2001-ல் 50 வயதிலிருந்த விவசாயிக்கு இப்போது 75. நிலம் பாகம் பிரிந்திருக்கலாம்; பிள்ளைகள் சென்னைக்கோ ஓசூருக்கோ போயிருக்கலாம். ஒரு முறை எழுதி மூடிவைத்த பட்டியல் ஆண்டுக்காண்டு பழசாகும். நீதி கேட்டு வென்றவர்களின் பட்டியலைக்கூட உயிரோடு வைத்திருக்க ஓர் ஏற்பாடு வேண்டும் என்பதற்கு இதைவிடக் கனமான எடுத்துக்காட்டு இந்த மண்ணில் இல்லை.

வேலூரின் தபால் அட்டை

நிறுவனங்கள் தகவலைப் பகிர்ந்துகொள்வது நம் ஊருக்குப் புதிதன்று. வேலூர் சி.எம்.சி.யின் வைரஸ் ஆய்வாளர் டி. ஜேக்கப் ஜான், 1980-களில் பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் நோய்க் கண்காணிப்பு முறை ஒன்றைத் தொடங்கினார். அதன் கருவி அச்சிட்ட தபால் அட்டை. தொற்று நோயாளி ஒருவரைப் பார்க்கும் மருத்துவர், அரசு மருத்துவமனைக்காரராக இருந்தாலும் தனியார் மருத்துவராக இருந்தாலும், நோயையும் நோயாளியின் ஊரையும் குறித்து அட்டையைத் தபாலில் போட வேண்டும். எந்தக் கிராமத்தில் எந்த நோய் கூடுகிறது என்பது அதிலிருந்து தெரியும். திரட்டிய செய்தி சுகாதாரத் துறைக்கும் போகும். அட்டை அனுப்பிய மருத்துவர்களுக்கும் செய்தி மடலாகத் திரும்பி வரும். இந்த முறை குறித்த கட்டுரை 1998-ல் ‘தி லான்செட்’ மருத்துவ இதழில் வெளியானது. கேரளமும் இதைப் பின்பற்றியது.

அட்டை மலிவு. நிரப்ப ஒரு நிமிடம். யார் அனுப்ப வேண்டும், யார் சேர்க்க வேண்டும், யாருக்குத் திருப்பித் தர வேண்டும் என்பது தெளிவு. கொடுத்தவருக்கே பலன் திரும்பி வந்ததால் கொடுப்பது நிற்கவில்லை. முகவரிப் பகிர்வுக்கு வேண்டிய இலக்கணம் முழுவதும் இந்த அட்டையில் இருக்கிறது.

இதே சி.எம்.சி.யின் சமூக நலவாழ்வுப் பிரிவு, வேலூருக்குத் தெற்கே கணியம்பாடி ஒன்றியத்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களின் பிறப்பு, இறப்பு, கர்ப்பம், குடிபெயர்வு ஆகியவற்றைப் பல பத்தாண்டுகளாகப் பதிவு செய்து வருகிறது. கிராமத்திலேயே வாழும் சுகாதாரப் பணியாளர் தகவல் தருகிறார்; அதற்கு மேலுள்ள உதவியாளர், செவிலியர், மருத்துவர் என்று அடுக்கடுக்காகச் சரிபார்ப்பு நடக்கிறது. வீட்டுப் பட்டியல் பழசாகாமல் இருப்பதற்குக் காரணம் கணினி அன்று. அந்தத் தெருவைத் தெரிந்த ஒருவருக்கு அது தன் பொறுப்பு என்று தெரிந்திருப்பதுதான்.

டென்மார்க், ஆஸ்திரேலியா, தென் கொரியா

டென்மார்க்கில் முகவரி கொடுக்கும் அதிகாரம் நகராட்சிக்கு மட்டும். அது கொடுத்த முகவரி தேசியப் பதிவேட்டில் ஏறும். தபாலும் காவல்துறையும் வங்கியும் மின்வாரியமும் அதையே எடுத்தாள்கின்றன. 2002-ல் அந்த அரசு முகவரித் தரவை எவருக்கும் கட்டணமின்றித் திறந்துவிட்டது. 2005 முதல் 2009 வரையிலான ஐந்தாண்டில் இதனால் கிடைத்த நேரடிப் பலன் சுமார் 6.2 கோடி யூரோ என்றும், செலவு சுமார் 20 லட்சம் யூரோ என்றும் 2010-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது.

ஆஸ்திரேலியாவில் கூட்டாட்சி. நிலப் பதிவு மாநிலங்களிடம், வாக்காளர் பட்டியல் தேர்தல் ஆணையத்திடம், பட்டுவாடா முகவரி தபால் துறையிடம் என்று நம்மைப் போலவே பிரிந்து கிடந்தது. அவற்றை ஒப்பிட்டு, எத்தனை பதிவேடுகளில் ஒரு முகவரி ஒத்துப்போகிறது என்பதையும் குறித்து, ஒரே தேசியக் கோப்பாகத் தொகுத்தார்கள். 2016 பிப்ரவரியில் அதைப் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது புதுப்பிக்கப்படுகிறது. தென் கொரியா, மனை எண்ணை அடிப்படையாகக் கொண்ட பழைய முறையை விட்டு, 2014 ஜனவரி 1 முதல் தெருப் பெயரும் வரிசையான கட்டட எண்ணும் கொண்ட முறைக்கு முழுமையாக மாறியது. அதற்குமுன் இரண்டையும் சில ஆண்டுகள் ஒருசேரப் புழங்கவிட்டது.

டிஜிபின் வந்துவிட்டது, அடுத்தது என்ன?

இந்தியாவும் அசைந்திருக்கிறது. 2023-ம் ஆண்டின் அஞ்சல் அலுவலகச் சட்டம், முகவரிக்கான தரநிலைகளை வகுக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுத்தது. 2025 மே 27 அன்று தபால் துறை ‘டிஜிபின்’ என்ற முறையை வெளியிட்டது. ஐ.ஐ.டி. ஹைதராபாத்தும் இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையமும் சேர்ந்து உருவாக்கியது. நாடு முழுவதையும் ஏறத்தாழ நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் எண்ணும் எழுத்தும் கலந்த பத்து எழுத்துக் குறியீடு தருகிறது. பெரிய சதுரத்தைப் பதினாறாகப் பிரித்து, அதில் ஒன்றை மறுபடி பதினாறாகப் பிரித்து, இப்படிப் பத்துப் படி இறங்கினால் ஒரு வாசல் கிடைக்கும். அதே மாதம் ‘துருவா’ என்ற டிஜிட்டல் முகவரிக் கட்டமைப்புக்கான கொள்கை ஆவணமும் வெளியானது. முகவரியை நிறுவனங்களுக்கு இடையே, உரியவரின் சம்மதத்துடன், ஒரு சேவையாகப் பகிர்வது அதன் நோக்கம்.

டிஜிபின் பெரிய முன்னேற்றம். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் இனி ஓடைப்பிள்ளையாரைத் தேட வேண்டியதில்லை. ஆனால் அது இடத்தைச் சொல்லும். முகவரியின் வரலாற்றைச் சொல்லாது. மூன்று மாடிக் குடியிருப்பின் மூன்று வீடுகளுக்கும் ஒரே குறியீடுதான். பழைய எண் 12, புதிய எண் 27 ஆனது என்பதும், அது எந்தத் தேதியில் ஆனது என்பதும் அதில் இருக்காது.

அந்த வரலாற்றில் மாவட்டம் மாறும் பகுதிக்கு வேறொரு கருவி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. மத்தியப் பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் உள்ளாட்சிக் குறியீட்டுப் பட்டியல், நாட்டின் ஒவ்வொரு மாவட்டம், வட்டம், கிராமம், உள்ளாட்சி அமைப்புக்கும் ஒரு தனி எண் தருகிறது. மாவட்டம் பிரிந்தால் அந்தப் பட்டியல் திருத்தப்படும். எல்லா வங்கிகளும் துறைகளும் ‘திருப்பத்தூர்’ என்ற எழுத்தைச் சேமிக்காமல் இந்த எண்ணைச் சேமித்தால், 2019-ல் நடந்தது போன்ற பிரிவினை வரும்போது ஒரே இடத்தில் நடக்கும் திருத்தம் எல்லா இடத்திலும் தானாக ஏறிவிடும். இரண்டு திருப்பத்தூர்களும் குழம்பாது.

இடம் வேறு, ஆள் வேறு

முகவரியைப் பகிர்வது என்றதும் எழும் அச்சம் நியாயமானது. கணவனின் கொடுமைக்குத் தப்பி வேறு தெருவில் வாழும் பெண்ணின் முகவரி எல்லா அலுவலகத்துக்கும் தானாகப் பரவினால், அது அவரைத் தேடுபவன் கைக்கும் போகும். தரவுகளை ஒன்றோடொன்று பொருத்துவதன் வலிமையைத் தமிழ்நாடு 2023-ல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தில் பார்த்தது. குடும்ப அட்டை, மின் நுகர்வு, நிலம், வாகனம் போன்ற விவரங்களை வைத்துத் தகுதி பார்க்கப்பட்டது. ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் பயன்படுத்திய குடும்பத்துக்குத் தகுதி இல்லை. ஒரு மீட்டரில் மூன்று வாடகைக் குடும்பங்கள் இருந்தால் அந்தக் கணக்கு யாருடையது? வீட்டையும் குடும்பத்தையும் சரியாகப் பிரித்தறியாத பதிவேடு ஏழையின் உரிமையைக் கெடுத்துவிடும்.

எனவே கோடு தெளிவாக இருக்க வேண்டும். இந்தத் தெருவில் இந்த எண்ணில் இப்படி ஒரு கட்டடம் இருக்கிறது, அதில் மூன்று குடியிருப்புகள் இருக்கின்றன என்பது பொதுத் தகவல், அது திறந்திருக்கலாம். அதில் யார் வாழ்கிறார் என்பது அவருடையது. அவர் சம்மதித்தால்தான், அவர் சொல்லும் நிறுவனத்துக்கு மட்டும் போக வேண்டும். 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தச் சம்மதத்தைச் சட்டக் கடமையாக்கியிருக்கிறது. தன்னைப் பற்றிய தவறான தகவலைத் திருத்தக் கோரும் உரிமையையும் அது தருகிறது.

காட்பாடியில் தொடங்கலாம்

செய்ய வேண்டியவை பெரும் செலவு பிடிப்பவை அல்ல. முதலில், காட்பாடி மண்டலத்தின் கட்டட முகவரிக்கு வேலூர் மாநகராட்சியே ஒரே பொறுப்பாளர் என்று அறிவிக்க வேண்டும். கதவு எண் கொடுப்பது ஏற்கெனவே அதன் வேலைதான். கொடுத்ததை வெளியிடுவதும் அதன் கடமையாக வேண்டும். ஒவ்வொரு குடியிருப்புக்கும் மாறாத ஓர் எண் வேண்டும். மாடி வீடுகளுக்குத் தனித்தனியே. அதனோடு டிஜிபின், பின்கோடு, உள்ளாட்சிக் குறியீடு, தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில் தெருப் பெயர் ஆகியவை சேர வேண்டும்.

பழைய எண்ணை அழிக்கக் கூடாது. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை அது செல்லுபடியானது என்ற குறிப்போடு வைத்திருக்க வேண்டும். 1985-ம் ஆண்டுப் பத்திரத்தையும் இன்றைய வரி ரசீதையும் ஒரே வீடு என்று காட்டக்கூடியது அந்தக் குறிப்புதான்.

திருத்தம் திரும்பி வரும் வழியும் வேண்டும். தபால்காரரின் ‘போதிய முகவரி இல்லை’ என்ற குறிப்பு, மின் கணக்கெடுப்பாளர் பார்க்கும் புதிய மாடி, இ-சேவை மையத்தில் ஒருவர் தரும் திருத்த விண்ணப்பம் ஆகிய மூன்றும் மாநகராட்சியின் ஒரே மேசைக்கு வர வேண்டும். அங்கே சரிபார்த்து முடித்ததும், எண்ணைப் பயன்படுத்தும் எல்லா நிறுவனங்களுக்கும் மாற்றம் போக வேண்டும். தகவல் கொடுத்தவருக்கும் முடிவு தெரிய வேண்டும். ஜேக்கப் ஜானின் தபால் அட்டை செய்ததும் இதைத்தான்.

அரசு அறிவித்த அட்டவணைப்படி 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுப் பட்டியல் பணி 2026 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான காலத்துக்கு உரியது. கட்டடங்களின் இடம் செயலியில் குறிக்கப்படுகிறது. 1948-ம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டம் தனி மனிதர் தந்த விவரங்களை இரகசியமாகப் பாதுகாக்கிறது. அந்தப் பாதுகாப்பு அப்படியே இருக்க வேண்டும். ஆகவே மாநகராட்சி அந்தக் கணக்கெடுப்பின் விவரங்களுக்காகக் காத்திருக்காமல், அரையாண்டுக்கு ஒருமுறை சொத்து வரி கேட்டுப் போகும் தன் ஊழியர்களைக் கொண்டே காட்பாடியின் ஒரு வார்டில் இந்தப் பட்டியலைத் தயாரிக்கலாம். அந்த வார்டின் தபால்காரர், மின்வாரிய உதவிப் பொறியாளர் அலுவலகம், ரேஷன் கடை, ஒரு வங்கிக் கிளை ஆகிய நான்கு இடங்களை மட்டும் முதலில் இணைத்தால் போதும். திரும்பிவரும் தபால்கள் குறைந்தனவா, முகவரி மாற்றத்துக்காக ஒரு குடும்பம் ஏறிய படிகள் குறைந்தனவா என்று ஓராண்டு முடிவில் எண்ணிப் பார்த்து, கணக்கை மாமன்றக் கூட்டத்தில் வைக்கலாம். குறைந்திருந்தால் மீதமுள்ள 59 வார்டுகளுக்கும், அங்கிருந்து ஆம்பூர், ராணிப்பேட்டை நகராட்சிகளுக்கும் அதே முறையைக் கொண்டுபோக மாவட்ட ஆட்சியர்கள் மூவரும் சேர்ந்து முடிவெடுக்க முடியும்.